பதினேழாம் எண் மீன்கொத்தி

கல்லைக் குழியில் எப்படி உட்கார வைப்பது, விளிம்பை எந்தப் பக்கத்திலிருந்து மடக்கத் தொடங்குவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதற்கு மேசைக்கு மேசை ஆள் இருக்கிறார்கள். என்னைவிடப் பொறுமையாகவே சொல்லிக் கொடுப்பார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேடம் போனில் கேட்டபோது, "என் சாதனைங்களை எழுதட்டுமா?" என்றேன். "அது ஒரு பக்கத்துல முடிஞ்சிடும்ணே. நீங்க பண்ண தப்பை எழுதுங்க" என்றார். முதலாளி அம்மாவுக்கு வாய்த் துடுக்கு இன்னும் குறையவில்லை. சரி, எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் மதகடிப்பட்டு. இருபத்திரண்டு வருஷம் வில்லியனூர் கடைத்தெருவில் நகைக்குக் கல் பதித்தேன். தோடு, மூக்குத்தி, அட்டிகை, மோதிரம் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் என் கை படாத கல்யாணம் குறைவு. நான் பதித்த கல் விழுந்துவிட்டது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதற்கப்புறம்தான் இந்தக் காசுப் பட்டறைக்கு வந்தேன். சேகரிப்பவர்களுக்காகத் தங்கக் காசு அடித்து, அதில் இயற்கைக் கல் பதித்துக் கொடுக்கும் இடம் இந்தப் பக்கத்திலேயே இது ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பவுன் வாங்குகிறவன் கழுத்தில் போடுவான், காதில் போடுவான். இது என்ன, வாங்கி டப்பாவில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை சன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு காசு? அப்படித்தான் நினைத்தேன். பிரஸ்ஸிலிருந்து வந்த முதல் காசை என் முன்னால் வைத்தார்கள். அதில் அச்சாகியிருந்த பறவை மட்டும் பனி படர்ந்தது போல மங்கலாக நிற்க, அதைச் சுற்றியிருந்த தளம் முழுக்கக் கண்ணாடி. குனிந்தால் என் மூக்கு தெரிகிறது. எந்தப் பாலீஷும் போட்டு வந்த பளபளப்பு அல்ல அது. அச்சு ஒரே அடியில் கொடுத்த பளபளப்பு. அதற்குப் பிறகு மனிதக் கை என்ன செய்தாலும் அது குறையுமே தவிர கூடாது. நகைக்காரனாக இருபத்திரண்டு வருஷம் எதைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவரப் பார்த்தேனோ அது தொடாமலேயே அங்கே இருந்தது.

நகையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வேலையில் கஷ்டமே அதுதான். உங்களில் நான்கு பேர் நகைப் பட்டறையிலிருந்து வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கைக்குப் பழைய பழக்கங்கள் இருக்கும். கல் குழியில் இறங்கவில்லையா, குழியை உளியால் ஒரு இழுப்பு இழுத்து ஆழமாக்குவோம். இங்கே அப்படி இழுத்தால் காசின் எடை போய்விடும். காசின் மேல் எடை அச்சாகியிருக்கிறது, அது பொய்யாகிவிடும். ஆகவே இங்கே பொன்னுக்கு ஏற்ற கல்லைத்தான் தேட வேண்டும், கல்லுக்கு ஏற்றபடி பொன்னைத் திருத்த முடியாது. இதைப் பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கல்லைப் பற்றி நான் தெரிந்துகொண்டது நமக்குக் கல் கொண்டுவரும் வில்லியனூர் பாயிடம். மனிதர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் கல் விஷயத்தில் அவர் முன்னால் நான் கைக்குழந்தை. ஒரு தடவை அவர் கொண்டுவந்த நீலக்கல்லை லூப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாய், உள்ள நூல் மாதிரி இன்னாவோ ஓடுது. இதை நான் பதிக்க மாட்டேன்" என்று தள்ளிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லாத கல்லு வேணும்னா சொல்லுங்க, மெஷின்ல செஞ்சது மூட்டை மூட்டையா கொண்டாரேன். இந்த நூலை வச்சித்தான் லேப்புல இது மண்ணுக்குள்ள பொறந்ததுன்னு எழுதிக் குடுக்கறான்" என்றார். கல்லோடு பிறந்த குறை அதன் அழகில் சேர்த்தி. நாம் உண்டாக்கும் குறைதான் குறை. அதை அவர் இப்படிச் சொல்லவில்லை, நான்தான் எனக்குள் இப்படி எழுதி வைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அந்தத் தப்பைச் செய்த வருஷம் நமக்கு வந்த பெரிய வேலை மீன்கொத்திக் காசு. பாகூர் ஏரிக்கரையில் ஓர் ஓவியர் நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்த படம் அது. கம்பத்தின் மேல் மீன்கொத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இறக்கையில் ஒரு குழி. அதில் நீலக்கல். ஐம்பதே காசு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் கல், தனிச் சர்டிபிகேட். ஐம்பது அடித்து முடிந்ததும் அச்சின் குறுக்கே வெட்டுப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள். ஐம்பத்தோராவது காசு இனி உலகத்தில் பிறக்க முடியாது. அதுதான் சேகரிப்பவர்களுக்கு நாம் கொடுக்கும் வாக்கு.

வேலை கொடுத்தவர் புதுச்சேரி நகரத்துப் பெரியவர். சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வழி. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். பழைய நகரத்து வழக்கப்படி நாங்களும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையில் எடுத்துச் சரி என்று சொன்னால் இங்கேயும் வெளிநாட்டிலும் இருக்கும் சேகரிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். வேண்டாம் என்று சொன்னால் நம் பட்டறைப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது அவர் நமக்குக் கொடுத்த முதல் வேலை. அதனால் மேடத்துக்கு அந்த மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அவளைப் பற்றித்தான். பூரணாங்குப்பத்துப் பெண். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அதனால் எழுதவில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். இரண்டு பஸ் மாறி வருவாள். பேக்கிங் வேலைக்கு எடுத்தார்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. வேலை என்னவென்றால், காசை வாங்கிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, பருத்தி உறை போட்ட கையால் விளிம்பை மட்டும் பிடித்து, சீட்டோடு வட்டமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடுவது. இதற்கு என்ன பெரிய திறமை வேண்டும் என்று நான் நினைத்தேன். மனதுக்குள் நினைத்தது மட்டுமில்லை, ஒருமுறை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

காசுகளை முசியே வந்து எடுத்துப் போக வேண்டிய நாள். சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது. பதினேழாம் எண் மட்டும் பாக்கி. அதற்கென்று வைத்திருந்த கல் குழியில் உட்கார மறுத்துவிட்டதால் பாய் வேறு கல் தேடி, அதற்கும் சர்டிபிகேட் வாங்கி, அன்று காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். மேடம் என் பின்னாலேயே நின்றுகொண்டு, "ஆச்சாண்ணே? ஆச்சாண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கல் இறங்கியது. குழியின் விளிம்பைக் கல்லைச் சுற்றி மடக்கினேன். அந்த நீலம் இறக்கைக்குள் போய் உட்கார்ந்த அழகை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக ஒரு கல் பதித்ததில்லை.

"ஆச்சு" என்றேன். அந்தச் சந்தோஷத்தில் காசை வாய்க்கு அருகே கொண்டுபோய், ஹா என்று ஊதி, மடியில் கிடந்த துணியால் கட்டை விரலை வைத்து ஒரு துடை துடைத்தேன்.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு தோட்டையும் மோதிரத்தையும் வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்னால் என் கை செய்த வேலை அது. அதில்லாமல் ஒரு நகை முடிந்ததாகவே என் கைக்குத் தோன்றாது. துடைத்த அடுத்த நொடியே என்ன செய்துவிட்டேன் என்று புரிந்துவிட்டது. காசைச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் தெரியாதுதான். மேடம் கை நீட்டினார். தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன். தட்டு பேக்கிங் அறைக்குப் போனது. அவசரத்தில் அந்தப் பெண்ணும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு கவளம்கூட உள்ளே போகவில்லை. அவள் தட்டோடு வந்து நின்றாள்.

"மேடம், பதினேழை நான் மூட மாட்டேன்."

"இன்னா ஆச்சு?"

"கோடு இருக்குது. லைட்டுக்குக் கீழ சாச்சிப் பாருங்க."

மேடம் பார்த்தார். நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். பேக்கிங் அறையின் வெள்ளை விளக்கில் எல்லாம் தெரிந்தது. மீன்கொத்தி பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீர்ப் பகுதியில், கண்ணாடித் தளத்தில், மயிரிழை மயிரிழையாக ஒரு வளைந்த கோட்டுக் கற்றை. நேராகப் பிடித்தால் மறைந்துவிடும். சாய்த்தால் எழுந்து நிற்கும்.

"துணி போட்டுத் தொடைச்சியா நீ?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம்."

"அப்போ யாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என் பக்கம் பார்க்கவும் இல்லை. "யாருன்னு எனக்குத் தெரியாது மேடம். என் கைக்கு வர்றப்பவே இருந்திருக்குது. வாங்கறப்பவே லைட்டுல வச்சிப் பாத்திருக்கணும், பாக்காம கையெழுத்து போட்டுட்டேன். அது என் தப்பு" என்றாள்.

தன் பங்குத் தப்பை மட்டும், குறைக்காமலும் கூட்டாமலும், இவ்வளவு அளவாக ஒருவர் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் பதற்றத்தில் இருக்கிற காதுக்கு அது வேறு மாதிரி விழும். 'என் தப்பு' என்ற சொல் மட்டும்தான் மேடம் காதில் விழுந்தது.

மேடம் கெட்டவர் இல்லை. இத்தனை பேருக்குச் சோறு போடுகிறவர். ஆனால் மணி இரண்டரை ஆகிவிட்டது. அச்சையும் கெடுத்தாகிவிட்டது. இந்தக் காசுக்கு மாற்று கிடையாது. "அண்ணே, வீல்ல வச்சி ஒரு தட்டு தட்டிடுங்க" என்று காசை என்னிடம் நீட்டினார்.

பாலீஷ் சக்கரத்தில் வைத்தால் இரண்டு நிமிஷம். கோடு போய்விடும். முன்பைவிடக்கூடப் பளபளக்கும், கண் பழகாதவர்களுக்கு. அதோடு என் தப்பும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிப் போய்விடும். நான் காசை வாங்கிக்கொண்டேன்.

"வேணாம்ணே" என்றாள் அந்தப் பெண். "வீல்ல வச்சா எறக்கைக் கோடெல்லாம் மழுங்கிடும். பனி மாதிரி இருக்கறது போயிடும். இன்னிக்கு முசியே பாக்கலன்னாலும், வாங்கறவங்க ஒரு நாள் பாப்பாங்க. நான் போட்ட கையெழுத்து டப்பாக்குள்ள இருக்கும்."

"உன்ன யாரும் கேக்கல" என்றார் மேடம்.

"கேக்கலதான் மேடம். ஆனா எங்கம்மா செவுளைப் பிரிச்சிக் காட்டாம ஒரு மீனும் விக்காது. முசியே வந்ததும் நாமளே எடுத்துக் காட்டிடலாம்."

"இது மீன் கடை இல்ல!" மேடம் கத்திவிட்டார். "வந்து மூணு மாசம் ஆவல. கெடுக்கறதையும் கெடுத்துட்டு எனக்கு நியாயம் சொல்றியா? நாளைலேருந்து வராத."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் கையில்தான் காசு இருந்தது. 'அவ இல்ல, நான்தான்' என்று மூன்றே சொல். சொல்லவில்லை. அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன், இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். 'எனக்கு இந்த ஊரில் ஒரு பேர் இருக்கிறது. இவளுக்கு என்ன, பேக்கிங் வேலை எங்கேயும் கிடைக்கும்.' இப்படித்தான் நினைத்தேன். எழுதும்போது எனக்கே கூசுகிறது.

அவள் அழவில்லை. கை உறைகளைக் கழற்றி, மடித்து, மேசை மேல் வைத்தாள். "சரி மேடம். முசியே வர்ற வரைக்கும் இருக்கேன். மத்த நாப்பத்தொம்பதும் நான் மூடினது. அவரு இன்னாவாச்சும் கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும்" என்றாள். பிறகு மறுபடி அதே உறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, வேலை போன அந்த மேசையிலேயே உட்கார்ந்து, டப்பாக்களை எண் வரிசையில் அடுக்கத் தொடங்கினாள்.

நான் பின் அறைக்குப் போய்ச் சக்கரத்தைப் போட்டேன். அது உறுமத் தொடங்கியது. காசை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்பதற்காக லூப்பைக் கண்ணில் வைத்தேன். பறவை நிமிர்ந்து இருந்தது. கோடுகள் அதற்குக் கீழே இடமிருந்து மேலாக வளைந்து வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. வலது கையால் துடைத்தால் வளைவு அந்தப் பக்கம் சாயாது. நான் இடதுகைக்காரன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கை என்று கேலி செய்வார்கள். பட்டறையில் இடது கையால் வேலை செய்கிற ஆள் நான் ஒருவன்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கும் தெரியும். மயிரிழைக் கோட்டைக் கண்டுபிடித்தவளுக்கு அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாதா? என் மேல் கை நீட்டியிருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். லூப்பைக் கொடுத்து, பாருங்கள் மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சக்கரத்தை நிறுத்திவிட்டேன். வாசலில் கார் சத்தம் கேட்டது. முசியே நாலு மணிக்குச் சொல்லிவிட்டு மூன்றேகாலுக்கே வந்துவிட்டார்.

முன் அறையில் கறுப்புத் துணி விரித்த மேசை. மேடம் சிரித்த முகத்தோடு அவரை உட்கார வைத்தார். அந்தப் பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பதினேழாவது இடம் மட்டும் காலி. மேடம் என் பக்கம் பார்த்தார், முடிந்ததா என்று கண்ணாலேயே கேட்டார். நான் நேராகப் போய்க் காசைத் துணி மேல் வைத்தேன். பக்கத்தில் என் லூப்பையும் வைத்தேன்.

"ஐயா, இது கெட்டுப்போச்சு" என்றேன். "நான்தான் தொடைச்சேன். இந்தக் கையால. இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இவ கண்டுபிடிச்சா. வீல்ல வைக்கக் கூடாதுன்னு சொன்னதும் இவதான்."

மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. முசியே லூப்பை எடுத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு மற்ற நாற்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒருவரும் உட்காரவில்லை. கடைசி டப்பாவை வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார், "கோட்டை எந்த லைட்டுல பாத்தீங்க?"

"மேலேருந்து அடிக்கற வெள்ளை லைட்டுங்க ஐயா. காசை அசைக்காம, என் தலையை அசைச்சிப் பாப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். "பதினேழை வெட்டிடுங்க. வெளியில போகக் கூடாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, திட்டவுமில்லை.

வெட்டியதும் நான்தான். காலையில் மடக்கிய விளிம்பைச் சாயங்காலத்தில் நானே பிரித்தேன். கல் ஒரு சேதமும் இல்லாமல் வெளியே வந்தது, அதைச் சர்டிபிகேட்டோடு சேர்த்து உறையில் போட்டார்கள். பிறகு கத்தரியை எடுத்தேன். அந்தப் பொன் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. மீன்கொத்தியின் தலை ஒரு துண்டிலும் கம்பம் இன்னொரு துண்டிலும் போனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வேலையிலேயே சிறந்த வேலை அது. நகையும் காசுமாக முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு பொருளுக்காக நான் அழுதது அன்று ஒரு நாள்தான்.

முசியே காகிதத்தில், அடித்தது ஐம்பது, அழித்தது ஒன்று, இருப்பது நாற்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் போடச் சொன்னார். பிறகு பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் தயங்கினாள். "நீங்க பாத்துட்டுத்தான் இந்த நாப்பத்தொம்பதும் என்கிட்ட வருது. போடுங்க" என்றார். போட்டாள். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியோடு கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் நமக்குக் கொடுத்த வேலைகள் எல்லாம் உங்களுக்குத் தெரியும், சுவரில் படமாகத் தொங்குகின்றன.

அவர் போன பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. கோடு அந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சே."

"அப்போ ஏம்மா சொல்லல? உன் வேலையே போச்சே."

அவள் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டே சொன்னாள், "கோட்டைப் பாத்தேன், சொன்னேன். நீங்க தொடைச்சதை நான் பாக்கலியே அண்ணே. பாக்காததை எப்டி சொல்றது?"

வேலை போகிற நேரத்தில், கண்ணுக்கு முன்னால் ஆதாரம் இருக்கிற நேரத்தில், பார்த்ததற்கும் நினைத்ததற்கும் நடுவில் ஒரு கோடு போட்டு அந்தப் பக்கம் போகாமல் நிற்க எத்தனை பேரால் முடியும்? நானாக இருந்தால் முதல் வார்த்தையிலேயே ஊரைக் கூட்டியிருப்பேன்.

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மேடம் அங்கே நின்றிருந்தார். என்னை அவர் அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை, அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அவளிடம், "எங்க போற?" என்றார்.

"வூட்டுக்கு மேடம். பஸ் வந்துடும்."

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு." பிறகு, "நான் பேசினது தப்பு" என்றார். மேடம் அப்படி ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் நின்றாள். "வரேன் மேடம். ஆனா இனிமே எந்தக் காசா இருந்தாலும், கொண்டாரவங்க எதிர்ல நிக்கணும். லைட்டுல வச்சிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். அவசரம்னு யாரும் சொல்லக் கூடாது. அண்ணன் கொண்டாந்தாலும் அதேதான்."

மேடம் என்னைப் பார்த்தார். "பாத்து வாங்கும்மா" என்றேன்.

மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. என் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணின் மேசைக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் சிலேட்டைக் காட்ட நிற்பது போல, நான் காசோடு நிற்பேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பாள். முதல் வாரம் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். போகப்போக, அவள் சரி என்று சொல்வதற்காகவே வேலை செய்ய ஆரம்பித்தேன். அவள் வந்த பிறகு நான் பதித்த கல்தான் என் நல்ல கல் எல்லாம். இன்று அவள் உங்கள் எல்லோருக்கும் மேலே இருக்கிறாள், இந்தப் பட்டறையிலிருந்து போகும் எந்தக் காசும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகிறது. உங்கள் முதல் காசை அவள் திருப்பி அனுப்புவாள். இரண்டாவதையும் அனுப்புவாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். துடைத்துவிட்டால் துடைத்துவிட்டேன் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். நான் ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துக்கொண்டதை நீங்கள் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்ற நாளைச் சொல்லி முடிக்கிறேன். முன் அறையில் மாலை, சால்வை, மதகடிப்பட்டிலிருந்து பிரியாணி, பாய் வேறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். மாலையைப் போட்டும் விட்டார்கள். கடைசியாக ஒரு காசு கையில் இருந்தது, அதையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கேக் வெட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, கழுத்தில் மாலையோடு அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லோரும் கூடி நின்று சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இன்று ஒரு நாள் பார்க்காமலேயே வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் விளக்கைப் போட்டாள். தலையைச் சாய்த்தாள். மறுபடி சாய்த்தாள். எவ்வளவு நேரம் எப்போதும் பார்ப்பாளோ அவ்வளவு நேரம் பார்த்தாள்.

"அண்ணே, கல்லோரத்துல விளிம்பு ஒரு எடத்துல தூக்கிக்கிட்டு இருக்குது" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் லூப்பை வைத்துப் பார்த்தேன். தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

மாலையைக் கழற்றிப் பாயின் கையில் கொடுத்துவிட்டு, என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.